மாமியாருக்குப் போட்ட செவ்வரத்தம்பூ மாலை

ஒரு மொழி அரைகுறையாகத் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். யாரையாவது கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்வார்கள். நன்றாகத் தெரியும் என்று நினைப்பவர்கள்தான் குப்புற விழுவார்கள். நான் அந்த ரகம்.

வரக்காப்பொலைக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. (தூக்கத்தில்கூட நான் சிங்களத்தில்தான் சண்டை போடுவேன் என்று தம்பி சொல்வான்.) சிங்களவரான சுனிலைக் காதலித்ததும் அந்தத் தைரியத்தில்தான். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். "அம்மாவுக்குப் பிடித்தால்தான் கல்யாணம்" என்று சுனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாதக்கணக்கில் கெஞ்சிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க அவர் அம்மா சம்மதித்தார்.

என் அம்மா றப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர். வருகிறவரை எப்படி வரவேற்பது என்று அவருக்கு ஒரே கவலை.

"வெறுங்கழுத்தோடவா வீட்டுக்குள்ள கூப்புடுறது? மால போடணும் புள்ள."

றப்பர் காட்டில் மாலைக்கு எங்கே போவது? கோயில் வேலியில் செம்பருத்தி என்கிற செவ்வரத்தை மட்டும் சிவப்பாகக் கொட்டிக் கிடந்தது.

"அம்மனுக்கே போடுற பூ. சம்பந்திக்குப் போட்டா கொறஞ்சா போயிரும்?" என்றார் அம்மா.

அந்தப் பூவுக்குச் சிங்களத்தில் 'வத மல்' என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். மல் என்றால் பூ. வத என்றால்? அதை யார் கேட்டார்கள்! வேலியை மொட்டையடித்துக் கனமான ஒரு மாலை கட்டினேன். அதோடு நின்றேனா? என் மாமாவைத் தப்புப் பறை அடிக்கவும் ஏற்பாடு செய்தேன்.

சுனிலின் அம்மா வெள்ளைச் சேலையில் பஸ்ஸை விட்டு இறங்கினார். நான் குனிந்து கும்பிட்டு மாலையைப் போட்டேன். அவர் முகம் வெளுத்தது. பின்னால் நின்ற சுனில் கண்ணாலும் கையாலும் என்னென்னவோ சைகை காட்டினார். (வெட்கப்படுகிறார் என்று நினைத்து நானும் வெட்கப்பட்டேன்.) மாமா தப்பை வெளுத்து வாங்கினார். லயத்து ஜனமெல்லாம் வாசலில் நின்று பார்க்க, தப்புக்குப் பின்னால் அந்த அம்மா தலை குனிந்தபடி மேட்டில் ஏறினார். பூவிலிருந்த எறும்புகள் கழுத்தைக் கடிக்க, அவர் தோள் அடிக்கடி குலுங்கியது. பூரித்துப்போய் அழுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் தேநீர் கொடுத்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"மகளே, நான் செய்த குற்றம் என்ன?"

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். ராஜா காலத்தில் மரண தண்டனை பெற்றவனுக்கு இந்தப் பூவில்தான் மாலை போடுவார்களாம். முன்னால் பறை அடித்துக்கொண்டு வெட்டுகிற இடத்துக்குக் கூட்டிப் போவார்களாம்.

கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன். விஷயத்தைத் தமிழில் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"பாவி மக, என்னத்தான் நாளெல்லாம் வதைக்கிறன்னா, வந்தவங்களையுமா வதைப்ப?"

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "வத என்றா சொல்கிறார்? இவள் அவருக்கும் வத கொடுக்கிறாளா?"

சிங்களத்தில் வத கொடுப்பது என்றால் தொல்லை கொடுப்பது. ஆமாம் என்று என் அம்மா பலமாகத் தலையாட்டினார். அந்த அம்மா தன் மகனைக் காட்டி, "எனக்கு இவன்" என்றார். ஒருவர் மொழி மற்றவருக்குச் சரியாகத் தெரியாத இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்யாணம் அந்தச் சிரிப்பில்தான் நிச்சயமானது.

வடமொழியில் அந்தச் சொல்லுக்குக் கொலை என்று பொருள் என்பதைப் பிறகுதான் படித்தேன். தமிழில் முருகன் சூரனைச் செய்தது வதம். சிங்களத்தில் சாகப்போகிறவன் கழுத்துப் பூ வத மல். அவ்வளவு பயங்கரமான சொல்லை இரண்டு பக்கத்து அம்மாமாரும் பிள்ளைகளைத் திட்டித் திட்டியே வெறும் நச்சரிப்பாகத் தேய்த்துவிட்டார்கள்.

அதன் பிறகு எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தாலும் மாமியார் வாசலில் நின்று கழுத்தைத் தடவியபடி, "இன்றைக்கும் கொல்லப் போகிறாயா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். கடைசிக் காலத்தில் மருந்தோடு நான் பக்கத்தில் போனால், "வத தென்ன எபா", வதைக்காதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். யுத்தம் முடிந்த வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். சாவீட்டுக்கு ஒரு பையோடு வந்த என் அம்மா என் காதருகே குனிந்து, "பயப்புடாத புள்ள, வெள்ளப் பூதான்" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். சுனிலின் சொந்தக்காரர்கள் முறைத்தார்கள். மாமியார் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

இப்போது என் மகள் வேலை முடிந்து வந்து, அதே மாதிரி கழுத்தைத் தடவிக்கொண்டு, பாட்டியின் அதே குரலில் அதே கேள்வியைக் கேட்கிறாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, அவளுக்குப் பின்னால் மாமியாரும் படியேறி வருகிறாரா என்று பார்ப்பேன்.