ஜிபெக்கின் தட்டில் ஆட்டு நாக்கு

நாரின், பிப்ரவரி 11

பெருமதிப்பிற்குரிய சயகுல் அக்கா அவர்களுக்கு, தம்பி துர்கன்பெக்கின் ஸலாம். உங்கள் வீட்டு உயிர்களும் கால்நடைகளும் இந்தக் குளிரைத் தாண்டி நிற்கின்றனவா? அத்தானின் முழங்கால் மடங்குகிறதா? இங்கே நானும் மகள் ஜிபெக்கும் பல் போன நாயும் நலம்.

முறைக்கு விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் படிப்பை விட்டுவிட்டேன். உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். "நாப்பத்தாறு வயசுல ஆட்டுக்கு ஊசி போடுறவன் காலேஜுக்குப் போறானாம், குறைபாட்டியல் படிக்கவாம். குறையத்தான் படிக்கணும்னா நம்ம குடும்பம் போதாதா?" என்று கல்யாண வீட்டில் நீங்கள் சொல்லி ஊரே சிரித்ததை மறக்கவில்லை. நான் என்ன செய்ய? வாய் பேசாத, காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பட்டத்துக்கு இங்கே இன்னும் அதுதான் பெயர். அந்தப் பட்டம் பெற்ற ஒருவர் இருந்தால் நம் ஊர்ப் பள்ளியிலேயே ஒரு வகுப்பு திறக்கலாம், இல்லாவிட்டால் ஜிபெக்கை பிஷ்கெக் விடுதிப் பள்ளிக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று தலைமையாசிரியர் சொன்னதால்தான் அஞ்சல் வழியில் சேர்ந்தேன். வருடத்துக்கு இரண்டு முறை தலைநகருக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள்.

அவ்வளவுதானா அக்கா? முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தேன், இருபது வயதுப் பெண்கள் முப்பது பேரும் எழுந்து நின்றார்கள், நான் பேராசிரியர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, உட்காரச் சொன்னேன், உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்கள், வேறு வழி தெரியாமல் கரும்பலகையில் தேதியை எழுதினேன், அதையும் எழுதிக்கொண்டார்கள், அதற்குள் உண்மையான பேராசிரியை தமாரா விக்தரோவ்னா வந்து கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வில் காதின் உட்புறத்தை வரையச் சொன்னார்கள். நரம்பு விடாமல் வரைந்தேன். "படம் பிரமாதம், ஆனா இது ஆட்டுக் காது" என்றார் அந்த அம்மாள். சைகை மொழியில் இன்னும் மோசம். குதிரை கடித்து என் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். "உங்க கை திக்குது" என்றார். நாற்பத்தாறு வயது வரை திக்காமல் பேசியவன், கையால் திக்குவாய் ஆனேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் பாத்திர மூடியைத் தட்டிப் பாருங்கள் என்று முதல் வாரமே சொல்லித்தந்தார்கள். ஊருக்கு வந்து தட்டினேன். ஜிபெக் பாசிமணி கோத்துக்கொண்டிருந்தாள். நாய் அலறிக்கொண்டு வெளியே ஓடியது. அவள் திரும்பவில்லை. தரையை மிதித்தால் திரும்புவாளே, அது அதிர்வு என்று தெரியாமல், அதை வைத்துக் காது கேட்கிறது, பேச்சுத்தான் வரவில்லை என்று ஏழு வருடம் நம்பியிருந்தோம். விருந்துக்கு விருந்து ஆட்டுத் தலை வந்ததும் "இதத் தின்னாத்தான் வாய் திறக்கும்" என்று நாக்கை அறுத்து அவள் தட்டில் வைத்தீர்கள். நல்லபடி கேட்டு வளரட்டும் என்று காதை வழக்கம்போல உங்கள் பேரனுக்குக் கொடுத்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆயிரம் ஆட்டின் காதைத் தூக்கிப் பார்த்தவன் நான், என் மகளின் காதைப் பார்க்கவில்லை.

பிறகு, கற்றதை எல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். ரொட்டி, தேநீர், நாய், வேண்டும், வேண்டாம். அவள் கையால் சொன்ன முதல் முழு வாக்கியம் "எனக்கு நாக்கு வேண்டாம்." நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். இரண்டாவது வாக்கியம் போன மாதம் வந்தது. "அம்மா எங்கே?"

அவள் அம்மா நசிரா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. ஜிபெக்கிடம் யாருமே சொல்லவில்லை. சொல்ல மொழி இல்லை. இப்போது மொழி இருக்கிறது, எனக்குத் தைரியம் இல்லை. மேய்ச்சல் மலைக்கு ஆடுகளோடு போயிருக்கிறாள் என்று கையைக் காட்டிவிட்டேன். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் நசிராவின் தலைத்துணியைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நிற்கிறாள். பனி உருகட்டும் என்கிறேன். உருகினால் என்ன சொல்வேன்? பிள்ளை கேட்ட முதல் கேள்விக்கே பொய் சொன்னவன் எந்த வகுப்பில் நின்று பாடம் நடத்துவது? விலகல் கடிதம் எழுதிவிட்டேன். வசந்தத்தில் அவளை விடுதியில் விட்டுவிட்டு வருவேன். சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே சொல்லிக்கொள்ளட்டும்.

அத்தானுக்கு என் ஸலாம், பேரனுக்கு முத்தம். உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், உங்கள் ஆடுகள் இரட்டைக் குட்டி போடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் கேட்காத தம்பி,
துர்கன்பெக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பையோடு வந்து நின்றாள். முடியவில்லை அக்கா, சொல்லிவிட்டேன். அம்மா இறந்துவிட்டாள் என்று. கை வழக்கம்போலத் திக்கியது. அவள் என் அரை விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டு, "தெரியும்" என்றாள். முற்றத்தில் இழவுக் கூடாரம் போட்டதையும், அம்மாவை உள்ளே கிடத்தியதையும் பார்த்தாளாம். பிறகு மறுபடியும், "எங்கே?" என்றாள். இத்தனை நாளும் அவள் கேட்டது இடத்தை. தலைத்துணியை அங்கே கொண்டுபோய் வைக்க. விலகல் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன், ஜூன் தேர்வுக்குப் போகிறேன், விடுதி பேச்சே வேண்டாம். நாளை அவளைக் கல்லறைக்குக் கூட்டிப்போகிறேன். பெண்பிள்ளை அங்கே போகலாமா என்று ஊர் கேட்டால் கேட்கட்டும். அம்மாவை எடுத்த அன்றைக்கு அத்தை ஏன் தன்னைப் பக்கத்து வீட்டில் வைத்துப் பூட்டினாள் என்றும் கேட்கிறாள். "அவளுக்கு என்ன புரியப்போகுது, கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னவன் நான்தான், அதைச் சொல்லிவிட்டேன். ஆனாலும் உங்களிடமே கேட்க வேண்டுமாம். வாருங்கள், நான் மொழிபெயர்க்கிறேன்.