பாய் வீட்டுக் கிணற்றில் நான் கண்டுபிடித்த விஷம்

பயந்தவன் சும்மா பயந்துவிட்டுப் போனால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் நாலு பேரையாவது துணைக்குச் சேர்த்துக்கொண்டு பயப்படுகிற ரகம்.

அப்போது மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் சுலைமான் பாய், தையல் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருந்தவர். பின்பக்கம் அவருடைய கிணறு. குடித்தனம் வந்த முதல் நாளே ஒரு சொம்பை நீட்டி, "இளநி மாதிரி கீது தம்பி, குடிச்சிப் பாரு" என்றார். அப்படித்தான் இருந்தது. நாங்களும் அதையே காய்ச்சிக் குடித்தோம்.

என் மனைவி கல்பனாவுக்கு ஆறாம் மாதம். செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மா பேச்சுவாக்கில், "கிணத்துத் தண்ணியா? சில இடத்துல பாறையிலருந்தே ஆர்சனிக், ஈயம்லாம் தண்ணியில இறங்கும். எதுக்கும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க" என்றார். கல்பனா தலையாட்டிவிட்டு மறந்துவிட்டாள். எனக்கு ஆட்டோவில் திரும்பும்போதே தொண்டை கரகரக்க ஆரம்பித்தது.

மறுநாளே நந்தனத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பாட்டில் வாங்கி, தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பெண்ணிடம், "நாங்க நல்லா காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்று பெருமையடித்தேன்.

"காய்ச்சினா கிருமி சாகும் சார். உலோகம் போகாது. தண்ணிதான் ஆவியாப் போகும், அது அப்படியே நிக்கும்."

அதாவது ஐந்து மாதமாக என் மனைவிக்கு விஷத்தைச் சுண்டக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன். (வீட்டில் நான் பார்த்த ஒரே வேலை அதுதான்.)

ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆனது. விஷம் ஏறினால் நகத்தில் தெரியுமாம் என்று அந்த வாரம் முழுக்க கல்பனாவின் நகங்களை ஜோசியக்காரன் மாதிரி உற்றுப் பார்த்தேன். குழந்தை உதைத்தால் ஏன் உதைக்கிறது என்று பயம். உதைக்காவிட்டால் அதைவிடப் பெரிய பயம். கேன் தண்ணீர் வாங்கிவைத்தேன். ஏன் என்று கேட்டாள். ஆபீசில் எல்லோரும் அதைத்தான் குடிக்கிறார்கள் என்றேன்.

ரிப்போர்ட் போனில் வந்தது. ஆர்சனிக்குக்கு நேராக பி.டி.எல். ஈயத்துக்கு பி.டி.எல். காட்மியம், பாதரசம் என்று விஷமான எல்லாவற்றுக்கும் அதே ஆங்கில எழுத்துகள் மூன்று. பி என்றால் பேட், டி என்றால் டேஞ்சரஸ், எல் என்றால் லெவல் என்று மூளை தானாகவே விரித்துக்கொண்டது. கூகுளில் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தெரிந்த விஷயத்தை யார் தேடுவார்கள்? நான் தேடியது 'ஆர்சனிக், கர்ப்பிணி'.

வீட்டில் பெயின்ட் அடிக்கணும் என்று பொய் சொல்லி, கல்பனாவை ஆதம்பாக்கத்தில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மாமியாரைத் தனியாகக் கூப்பிட்டு, "பதறாதீங்க அத்தை" என்று ஆரம்பித்து உண்மையைச் சொன்னேன். அப்படி ஆரம்பித்தால் எந்த மாமியார் பதறாமல் இருப்பார்?

அடுத்தது பாய். டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டீயை ரோஜாச் செடியில் ஊற்றினார். பிறகு செடியைப் பார்த்து முகம் வாடினார்.

"அறுவது வருஷமா இத்தத்தான் தம்பி குடிச்சிக்கினு கீறேன். நான் போனா போறேன். எங்க பேரப் பசங்களும் இத்தத்தான குடிச்சிதுங்க?"

கிணற்றின் மேல் பலகை போட்டு, அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார்.

மூன்றாம் நாள், "இதுக்கு வைத்தியம் எதுனா கீதான்னு கேட்டுக்கினு வரலாம், வா" என்றார். என் ஸ்கூட்டரில் நந்தனம் போனோம். பாய் கவுன்டரில் ரிப்போர்ட்டை வைத்து, அதே பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, இன்னும் எவ்ளோ நாள் தாங்கும்?"

"எது சார்?"

"நாங்க."

அவள் ரிப்போர்ட்டைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். "பி.டி.எல்.னா பிலோ டிடெக்‌ஷன் லிமிட் சார். மெஷினாலயே கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கம்மின்னு அர்த்தம். இரும்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. வெள்ளைத் துணி பழுப்பாகும், அவ்ளோதான்."

எனக்கு அழுகை வந்தது. பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வரிசையில் நின்றவர்கள், ஏதோ பெரிய வியாதி என்று வழிவிட்டார்கள்.

பாய் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார். "தம்பி, நீ இன்னா படிச்சிக்கீறே?"

"எம்.காம்."

மயிலாப்பூர் வந்ததும், அம்மிக்கல்லை நான்தான் இறக்க வேண்டும் என்றார். இறக்கினேன். மூன்று நாள் இடுப்பு வலி.

கல்பனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெயின்ட் அடிச்சாச்சா?" என்றாள். பெயின்ட் அடித்துக் கொடுக்கும்வரை வர மறுத்துவிட்டாள்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள், இப்போது ஒன்றாம் வகுப்பு. போன தீபாவளிக்கு ஆதம்பாக்கத்தில் உறவுக்காரர் ஒருவர் என் மாமியாரிடம், "மாப்பிள்ளை ரொம்ப அமைதியா இருக்காரே, எப்படி, புத்திசாலியா?" என்று விசாரித்தார்.

மாமியார் முறுக்குப் பிழிவதை நிறுத்தவில்லை. "பி.டி.எல்." என்றார்.