சிவலிங்கம் ஐயாவின் பல்லும் என் பொறுமையும்

சீகிரியா
14.08.1997

அன்பின் றாபியா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் வயிறும் சுகம். உக்குவளையில் நீங்களும் மச்சானும் பிள்ளைகளும், இருமிக்கொண்டிருந்த அந்த ஆடும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன்.

"ஹோட்டலுக்கு வாறவங்க ஏசினா எப்பிடிடா பொறுக்கிற?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நேற்று நடந்ததைச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து சிவலிங்கம் ஐயா என்று ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர் ஒருவர் மனைவியோடு வந்து தங்கியிருக்கிறார். காலையில் என் வரவேற்பு மேசைக்கு முன்னால் வந்து நின்று, "எம் பஃ! எம் பஃ எங்க?" என்று கத்தினார். பால் கேட்கிறார் என்று நினைத்துச் சுடச்சுடப் பால் வரவழைத்தேன். அதைக் கண்டதும் அவர் முகம் இன்னும் சிவந்தது. ஏதோ "கழுஃ" என்றார். "ஐயாவுக்குச் சொந்த ஊர் களுத்துறையா?" என்று மரியாதையாகக் கேட்டேன். அவர் மேசையில் குத்திய குத்தில் மணி தானாக அடித்தது. என்னதான் சொல்கிறார் என்று அறியும் ஆவலில் நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன் ராத்தா, கோபப்பட எனக்கு நேரமே இருக்கவில்லை. அப்புறம்தான் அவருடைய மனைவி வந்து விளக்கினார்: "தண்ணிக் கிளாஸில போட்டுப் பல்கனியில வச்ச பொய்ப்பல்லக் காணேல்ல தம்பி. ரூம் கூட்டின பிள்ளை எடுத்திட்டாள் எண்டு சொல்லுறார். பொலிஸைக் கூப்பிடட்டாம்."

ரூம் கூட்டியது இரத்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளை கமலாட்சி. "நா எடுக்கலீங்க மர்சூக் நானா" என்று என் மேசைக்குப் பின்னால் வந்து ஒதுங்கினாள். இந்த யுத்த காலத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பொலிஸ் கொண்டுபோனால் எப்போது திரும்பி வருவாள் என்று யாருக்குத் தெரியும்? மெனேஜரோ தொலைபேசியில் கை வைத்துவிட்டார். எனக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம் வந்தது, கேட்டுவிட்டேன்: "ஐயா, இந்தப் புள்ளைக்கு வாய் நெறயப் பல்லு இருக்கு. ஒங்கட பல்ல வச்சி என்ன செய்யும்?" மெனேஜர் ரிசீவரைக் கீழே வைத்தார். ஐயா யோசித்தார். யோசித்துவிட்டு, முன்னை விட உரக்க ஏசினார்.

அப்போது கூரையில் தடதடவென்று சத்தம். எல்லோரும் வெளியே ஓடினோம். குரங்கொன்று பல் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தது, முகர்ந்தது, தன் வாய்க்குள் வைத்து ஒரு மாங்காயைக் கடித்துப் பார்த்தது. எல்லோரும் அண்ணாந்து நின்றோம். ஐயாவும் கோபத்தை மறந்து, கழுத்தை நீட்டி, "கஃக்குஃதா?" என்றார். கடிக்குதா என்று கேட்கிறார்! பல்லில்லாமல் அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது அது ஒன்றுதான். கடிக்கவில்லை. குரங்கு அலுத்துப்போய்ப் பல்லைப் பூச்செடிக்குள் எறிந்துவிட்டுப் போனது.

ஐயா அதைக் கழுவிப் போட்டுக்கொண்டு கமலாட்சியின் முன்னால் வந்து நின்றார். இப்போது பல் இருந்தும் பேச்சு வரவில்லை. கடைசியில், "குறை நினையாதை, பிள்ளை" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு விளக்குமாற்றோடு போய்விட்டாள், சிரிக்கவில்லை. பிறகு என்னிடம், "இவ்வளவு ஏசினன், உமக்குக் கோபம் வரேல்லையோ?" என்றார். "ஒண்டுமே வெளங்கல்ல ஐயா" என்றேன். அவர் மனைவி சிரித்த சிரிப்பில் கதிரையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மெனேஜர் என்னைப் பாராட்டி, மற்றவர்களுக்கும் பொறுமையைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். ஆகவே ராத்தா, ஏசுகிறவரைக் கண்டால் பயப்படாமல், அவருக்கு என்ன காணாமல் போயிற்று என்று பாருங்கள்.

மச்சானுக்கு என் ஸலாம். பிள்ளைகளின் கன்னத்தில் ஒவ்வொரு முத்தம். ஆண்டவன் உங்கள் அனைவரையும் காப்பானாக.

உங்கள் தம்பி,
மர்சூக்

பி.கு.: இதைத் தபாலில் போடப் போனேன். தபால் கந்தோரில் இருந்த மனிதர் உறையில் என் கையெழுத்தைப் பார்த்து, "இது உக்குவளையா, உக்குரலா?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான் ஏசியதை இங்கே எழுத முடியாது, கடைத்தெருவே கூடிவிட்டது. இனி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாததால், உறையைப் பிரித்து இதையும் எழுதி, மாத்தளைக்கு வரும் மரக்கறி லொறியில் கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதிய பொறுமைக் கதையை மச்சானுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.