மஞ்சள் துணி கட்டிய ஏரியல்

"மிஸ்டர், இந்தக் கம்பிய நீங்களா அவுக்கிறீங்களா, இல்ல நான் ஆள் வச்சு அறுக்கவா?"

முத்துக்குமரன் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினார். அந்த ஒரு நொடியில் கொழும்பு கைநழுவிப் போய்விட்டது. அங்கிருந்து ஒருவர் அப்போதுதான் இவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

எதிரே பூங்கா நலச் சங்கச் செயலாளர் சோணைமுத்து. வெள்ளை பனியன், வெள்ளை ஷூ, கழுத்தில் விசில். அவர் விரல் நீட்டிய இடத்தில் ஒரு பலகை: 'மரங்களில் கயிறு, கம்பி, பேனர் கட்டக் கூடாது.' அவரே எழுதி, அவரே மரத்தில் ஆணியடித்து மாட்டிய பலகை.

"சார், இது ஹாம் ரேடியோ. கவர்மென்ட் லைசென்ஸ் வச்சிருக்கேன். பரீட்சை எழுதி வாங்குனது."

"லைசென்ஸ் ரேடியோவுக்குத்தானே? மரத்துக்கு இருக்கா?"

சோணைமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப மணி ஏழு அஞ்சு. எட்டரைக்கு ஏணியோட ஆள் வருது. அப்பவும் மரத்துல கம்பி இருந்தா, வெட்டுற வெட்டுல உங்க ரேடியோ மறுபடி பேசாது."

வாசலுக்கு வெளியே தள்ளுவண்டியில் அருகம்புல் ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்த ஒச்சாயி தலையைத் தூக்கிப் பார்த்தாள். வேப்பமரம் வாசலை ஒட்டியே இருந்ததால் பேச்சு முழுக்க அவள் காதில் விழுந்திருக்கும்.

முத்துக்குமரன் கப்பலூரில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் மேற்பார்வையாளர். வாரத்தில் ஆறு நாள் காதுக்குள் இடி. ஏழாவது நாள் மட்டும் மதுரை திருநகர் பூங்காவுக்கு வந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரேடியோவைத் திறப்பார். வேப்பங்கிளைக்கு மேலே பட்டறை நட்டு ஒன்றைத் தூண்டில் நரம்பில் கட்டி வீசி, அதன் பின்னாலேயே கம்பியை ஏற்றினால் ஏரியல் தயார். ராத்திரி விளக்குக்கு ஆகிற கரண்டுதான் அந்தப் பெட்டிக்கு. அதை வைத்துக்கொண்டு விரலால் தந்தி அடித்தால் கொச்சியிலும் கொழும்பிலும் ஆட்கள் பதில் அடிப்பார்கள். கீ, கீக்கீ, கீ. இடி இல்லாத சத்தம்.

அவருடைய ஹாம் நண்பர்கள் குழுவில் ஒரு விதி உண்டு. ஒரு பூங்காவிலிருந்து ஒரே நாளில் பத்துப் பேரிடம் பேசினால்தான் அந்தப் பூங்கா 'ஜெயித்த' பூங்கா. பதினோரு ஞாயிற்றுக்கிழமையாக முத்துக்குமரனால் ஏழு பேரைத் தாண்ட முடியவில்லை.

இன்று பன்னிரண்டாவது ஞாயிறு. கிளம்பும்போது அவர் மனைவி சுபலட்சுமி வாசலில் நின்று சொன்னது இன்னும் காதில் இருந்தது.

"இன்னிக்குத்தேன் கடைசி. பத்து வந்துச்சுன்னா நான் வாயே திறக்க மாட்டேன். வரலேன்னா பெட்டி பரணுக்கு. ஞாயித்துக்கிழமை காலையில ஊருல இருக்கிற ஆம்பளைக கறி வாங்கப் போறாக, நீங்க காத்த வாங்கப் போறீக."

"சரி" என்று கையடித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஒன்பது மணிக்குப் பூங்கா கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கணக்கில் இதுவரை மூன்று.

கம்பி கண்ணில் படுவதால்தானே தொல்லை? முத்துக்குமரன் பையைத் துழாவி, தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பியை எடுத்தார். தடிக்கம்பியை இறக்கி மெல்லியதை ஏற்றினார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். கம்பி இருப்பதே தெரியவில்லை.

கொழும்பு திரும்பக் கிடைத்தது. நாலு. கோயம்புத்தூர். ஐந்து.

"யா அல்லா!"

வாக்கிங் வந்த சிஹாபுதீன் பாய் கண்ணாடியில்லாமல் நின்றார். கண்ணாடி அவர் முகத்துக்கு அரையடி முன்னால், கண்ணுக்குத் தெரியாத கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கங்க பாய், மன்னிச்சுக்கங்க!"

"என்னண்ணே, மீன் பிடிக்கிறீகளா? இப்புடிக் கண்ணுக்குத் தெரியாமக் கட்டுனா கழுத்து அறுந்து போகாதா?"

ஒச்சாயி அதற்குள் கேட்டுக்குள் வந்துவிட்டாள். போன மாதம் அவள் வண்டியின் குட்டி ஒலிபெருக்கி பேச்சை நிறுத்தியபோது, முத்துக்குமரன்தான் வீட்டுக்கு எடுத்துப்போய் ஈயம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். 'அருகம்புல், வாழைத்தண்டு, முடக்கத்தான்' என்று அது இப்போது தெருக்கோடி வரை கத்துகிறது.

"தம்பி, இந்தாங்க. இதக் கம்பியில கட்டி விடுங்க. வாரவுக போறவுக கண்ணுக்குத் தெரியும்ல?"

அவள் நீட்டியது ஒரு முழம் மஞ்சள் துணி.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கட்டினார். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒச்சாயியோடு ஏதோ பேசியபடி வாசல் பக்கம் போனார்.

ஹைதராபாத். ஆறு. சமிக்ஞை மெல்லியதாக இருந்ததால் முத்துக்குமரன் கண்களை மூடிக்கொண்டு, தலையை லேசாக ஆட்டியபடி காதைத் தீட்டினார். விரல் துடித்தது. கண்ணைத் திறந்தபோது மரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது.

சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. எலுமிச்சம்பழத்தின்மேல் குங்குமம் வைத்திருந்தது.

ஏழாவதாகத் திருச்சூர். அதை நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தால், மரத்தின் அடியில் மஞ்சள் பூசி மூன்று பொட்டு. எதிரே செருப்பைக் கழற்றிவிட்டு நாலைந்து பெண்கள்.

"சாமி..."

முன்னால் நின்றவள் தமிழ்வாணி. நாலாவது தெருவில் தையல் கடை வைத்திருப்பவள்.

"சாமியெல்லாம் இல்லம்மா. நான் முத்துக்குமரன். உங்க கடையிலதானே என் சட்டைக்குக் காலர் மாத்துனேன்?"

"அது நேத்து வரைக்கும் சாமி. இப்ப உங்க மேல வந்திருக்கிறது யாருன்னு எங்களுக்குத் தெரியாதா? எம் மூக்குத்தி தொலைஞ்சு போச்சு. எந்தத் திக்குல கிடைக்கும்?"

அதே நேரம் காதுக்குள் எட்டாவது ஆள் கூப்பிட்டார். பெல்லாரியிலிருந்து யாரோ. விட்டால் போய்விடும். முத்துக்குமரன் 'கொஞ்சம் பொறு' என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

தமிழ்வாணி சட்டென்று குனிந்து அந்தக் கைக்குக் கீழே தலையைக் கொடுத்தாள். மற்றவர்களும் வரிசை கட்டினார்கள். இலைகளுக்கு நடுவே விழுந்த வெயில் அவள் முகத்தில் எதிலோ பட்டு மின்னியது. பெல்லாரி சொன்னதை எழுத இடது கையால் திணறிக்கொண்டிருந்தவர் அதைக் கவனிக்கவில்லை.

எட்டு.

துணிதான் எல்லாத்துக்கும் காரணம் என்று அவருக்குப் புரிந்தது. எழுந்து அதை அவிழ்க்கப் போனார்.

"அய்யய்யோ! கட்டுன துணிய அவுக்கக் கூடாது சாமி!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். அவர் கையை இழுத்துக்கொண்டார். அவர் தொட்டுவிட்ட குற்றத்துக்குப் பரிகாரமாக இன்னும் ஆறு மஞ்சள் துணி ஏறியது. தழைந்து தொங்கிய கிளையில் ஒரு வளையல் மாலை வந்தது. யாரோ சூடம் ஏற்றினார்கள். கம்பியின் நுனி சூடத்தில் படாமல் ரேடியோவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் முத்துக்குமரன். தூரத்திலிருந்து பார்க்க அதுவும் அருள் வந்த மாதிரிதான் இருந்தது.

செல்போன் அடித்தது. சுபலட்சுமி.

"எத்தனை?"

"எட்டு. ஆனா இங்க என்னைச் சாமியாக்கிட்டாக."

"வீட்டுல கறி இல்ல, நீங்க சாமியா? இன்னும் ரெண்டு வேணும். வச்சிர்றேன்."

எட்டு இருபத்தைந்துக்கு நாகர்கோவில் கிடைத்தது. ஒன்பது! இதுவரை தொடாத எண். இன்னும் ஒன்றே ஒன்று.

வாசலில் ஒரு மணிநேரமாகக் கைகளைச் சுழற்றி ஒரே உடற்பயிற்சியைச் செய்துகொண்டிருந்த சிஹாபுதீன் பாய் திடீரென்று பலமாக இருமினார். பெண்கள் குலவையிட்டார்கள்.

செயலாளர் சோணைமுத்து உள்ளே வந்தார். பின்னால் இரண்டு பேர், ஏணியும் கட்டிங் பிளேயருமாக.

"எங்கய்யா அந்தக் கம்பி? ஏத்துங்க ஏணிய!"

ஏணிக்காரர்கள் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஏணியை மெதுவாகப் புல்லில் படுக்க வைத்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள்.

"என்னய்யா நிக்கிறீங்க?"

"சார், கம்பின்னு சொல்லித்தானே கூப்பிட்டீக?"

"கம்பிதான்யா அது! துணிக்குள்ள கம்பி இருக்கு!"

"துணி மேல இருக்குல்ல சார். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக. நீங்க வேணா ஏறுங்க, நான் ஏணியப் பிடிக்கிறேன்."

சோணைமுத்து ஏணியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் மொத்தமும் அவருடைய வெள்ளை ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஷூவோட நிக்கிறீகளே சார்" என்றாள் தமிழ்வாணி மெல்ல.

அவர் குனிந்தார். ஷூ நாடா முடிச்சு விழுந்து இறுகியிருந்தது. அதை அவிழ்க்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடத்தில்தான் பத்தாவது ஆள் வந்தார்.

மிக மெல்லிய சத்தம். கொசு பாடுவது போல. எந்த ஊர் என்றுகூடத் தெரியவில்லை. முத்துக்குமரன் திரும்ப அடிக்கச் சொன்னார். அந்த மனிதர் சலிக்காமல் மூன்று தடவை அடித்தார். தஞ்சாவூர். நன்றி ஐயா, நீங்கள் யாரோ, நூறு வருஷம் இருங்கள் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

கடைசியாக மதிப்பெண் சொல்ல வேண்டும். சரியாகக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஹாம்காரர்கள் மரியாதைக்காகக் கொடுத்துக்கொள்கிற எண் அது. பதற்றத்தில் விரலோடு சேர்ந்து வாயும் அடித்தது.

"அஞ்சு... ஒம்போது... ஒம்போது..."

காலில் சாக்ஸோடு பக்கத்தில் நின்றிருந்த சோணைமுத்து சட்டென்று கைகூப்பினார்.

"சாமி, நான் இன்னும் கேட்கவே இல்லையே! பையனுக்கு மூணு வருசமா வரன் தேடுறேன். அஞ்சாம் மாசம் ஒம்போதாம் தேதின்னா சொல்றீங்க? இன்னொரு ஒம்போது எதுக்கு?"

"காலையில ஒம்போது மணிக்கு முகூர்த்தம் சார்" என்றாள் தமிழ்வாணி. "தெளிவாத்தானே சொல்றாக?"

சோணைமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். கழுத்திலிருந்த விசிலால் ஓர் ஊது ஊதி, "வரிசையா வாங்க! தள்ளாதீங்க!" என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார்.

பத்து!

ஒன்பது மணிக்குக் கேட் பூட்டப்படும்போது முத்துக்குமரன் பையோடு வெளியே வந்தார். வீட்டுக்குப் போன் செய்தாயிற்று. "சரி, வாங்க. கறி நானே வாங்கிட்டேன்" என்று சுபலட்சுமி சொன்ன குரலில் சிரிப்பு இருந்தது. பதினோரு வாரமாகத் தேடிய சந்தோஷம். ஆனால் நெஞ்சில் ஒரு முள்.

ஒச்சாயியின் வண்டி முன்னால் போய் நின்றார். ஆறு வருஷத்தில் அந்த வாசலிலிருந்து இளநீர் வண்டி, பஜ்ஜி வண்டி, பானிபூரி வண்டி எல்லாவற்றையும் செயலாளர் கிளப்பிவிட்டார். ஒச்சாயி வண்டி மட்டும் அதே இடத்தில், பின்னால் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த ஒற்றைச் செங்கல்லோடு நின்றது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். எனக்கு மனசு கேக்கல. அது சாமியும் இல்ல, அருளும் இல்ல. சாதாரண ரேடியோ. பாவம் சனங்க, என்னை நம்பி மனசுல உள்ளதையெல்லாம் கொட்டிட்டாக. நான் எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

ஒச்சாயி ஒரு டம்ளர் வாழைத்தண்டு ஜூஸை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"தமிழ்வாணி மூக்குத்திக்கு நான் எங்கக்கா போவேன்?"

தமிழ்வாணி அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தாள். "பத்து வந்துருச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டு, நிற்காமல் சிரித்தபடி போனாள். அவள் மூக்கில் சிவப்புக் கல் பளபளத்தது. அவளுக்குப் பின்னால் சிஹாபுதீன் பாய், "இருமி இருமித் தொண்டை போச்சு, எனக்கும் ஒண்ணு ஊத்துக்கா" என்றபடி வந்து நின்றார்.

முத்துக்குமரன் மூக்குத்தியைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது.

ஒச்சாயி சாவகாசமாக அந்தச் செங்கல்லில் ஒரு பூவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க ரேடியோ பேசுறீகன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் தம்பி, சாமின்னு நம்புனது செயலாளரும் ஏணிக்காரவுகளுந்தேன், வெறுங் கம்பின்னா எவனும் அறுத்துப் போட்டிருவான், மஞ்சத்துணிய அவுக்க இந்த மதுரையில எவனுக்குக் கை வரும்?"