பாபகூரா சுயாதீனத் தமிழ்ப் பள்ளி அல்லது பாடசாலை

சரித்திரத்தில் உப்புக்காகப் புரட்சி நடந்திருக்கிறது, தேயிலைக்காக நடந்திருக்கிறது. உளுந்து வடைக்காக ஒரு புரட்சியை நடத்தி, அதில் வெற்றியும் கண்ட பெருமை, ஆக்லாந்தின் தெற்கே ரயில் போய் நின்றுவிடும் பாபகூரா என்னும் சிறு நகரையே சாரும். அந்தப் புரட்சியின் தலைவர் திரு. இராசரத்தினம் அவர்கள்.

இராசரத்தினம் யாழ்ப்பாணக் கச்சேரி என்னும் மாவட்ட அரச அலுவலகத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். அங்கே அவர் உள்ளே நுழைந்தால் கதிரைகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்கும். இப்போது ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில், ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு மூடி ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்கும் பொறுப்பில் இருந்தார். டப்பாக்கள் அவரைக் கண்டு எழுந்து நிற்பதில்லை.

வீட்டிலும் அதே நிலைதான். "பிள்ளை, சாப்பிட்டியா?" என்று மகள் பிரசாந்தியைக் கேட்டால் "யெப்" என்பாள். "இண்டைக்கு என்ன நடந்தது?" என்றால் "நத்திங்" என்பாள். பதினொரு வயதாகும் மகளின் வாயிலிருந்து ஒரு முழுத் தமிழ் வாக்கியம் கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காகவே அவளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார். சேர்த்த கையோடு அதன் தலைவரும் ஆகிவிட்டார்.

ஆக்லாந்துத் தமிழ்ப் பள்ளிகள் ஒன்றியத்தின் பாபகூராக் கிளை என்பது, சாரணர்களிடம் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம், அதை ஒட்டிய சமையலறை, கொஞ்சம் பிள்ளைகள், ஓர் ஆசிரியை. ஆசிரியை எலிசபெத் மலேசியாவில், கிள்ளானில், தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவர். இங்கே வாரம் முழுக்க முதியோர் இல்லத்தில் வேலை. சனிக்கிழமை காலையில் 'ர'வும் 'ற'வும். கிளையின் நிர்வாகக் குழுவில் அவருக்கு மட்டும் இடமில்லை. பாடம் நடத்துகிறவருக்குப் பள்ளியைப் பற்றி யோசிக்க நேரம் ஏது என்ற கருணைதான் காரணம்.

இனி வடைக்கு வருவோம்.

ஒன்றியத்தின் பரிசளிப்பு விழா வழக்கம்போல் நகரத்தின் வடக்கே நடந்தது. மோட்டார்வேயில் ஒரு லாரி குடைசாய்ந்து கிடந்ததால் பாபகூராக் கார்கள் ஊர்ந்தன. போய்ச் சேர்ந்தபோது விழா முடிந்திருந்தது. ஒன்றியத் தலைவர் குமாரசாமி பெருந்தன்மையோடு மேடை விளக்கை மறுபடி போடச் சொன்னார். பிள்ளைகள் காலிக் கதிரைகளைப் பார்த்துப் பாடினார்கள். பாடி இறங்கியதும் சிற்றுண்டி மேசைக்குப் போனால், சட்னி மட்டும் இருந்தது.

மறுநாள் இராசரத்தினம் தொலைபேசியை எடுத்தார்.

"ஐயா குமாரசாமி, நாங்கள் வரேக்க வடை இல்லை."

"நீங்கள் வரேக்க விழாவே இல்லையே, இராசரத்தினம்."

"எங்கட பிள்ளையள் வெறும் கதிரையளுக்குப் பாட்டுப் பாடினவை!"

"கதிரையள் முறைப்பாடு ஒண்டும் தரேல்லை."

"இது பாபகூராவுக்கே அவமானம்."

"சரி, சரி. அடுத்த முறை மிச்சம் எடுத்து வைக்கச் சொல்லுறன்."

'மிச்சம்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் ஒன்றியம் இரண்டாயிற்று.

அடுத்த சனிக்கிழமை அவசரக் கூட்டம். மண்டபத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபடியால் நிர்வாகக் குழு சமையலறையில் கூடியது. ஆனால் ஒரு மகத்தான விடுதலைப் பிரகடனத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் சாய்ந்துகொண்டு செய்ய முடியுமா? அடுத்த வாரமே குழு மண்டபத்துக்கு வந்தது. வகுப்பு சமையலறைக்குப் போனது.

எலிசபெத் மெல்லக் கேட்டார்: "சார், பிள்ளைங்க இன்னும் எழுத்தே முடிக்கல. அடுப்புப் பக்கத்துல உக்காந்து எப்படி சார் படிக்கும்?"

"கொஞ்சம் பொறுங்கோ டீச்சர். முதல்ல பள்ளிக்கூடத்தைக் காப்பாத்துவம். பிறகு படிப்பிப்பம்."

இரண்டு அறைகளுக்கும் நடுவே சாப்பாடு நீட்டுவதற்கான அகன்ற ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் கதவு மூடாது. எலிசபெத் சமையலறையில் எழுத்துக் கூட்ட, மண்டபத்தில் குழுவினர் குரலைக் கூட்டினார்கள். குழுவே ஜெயித்தது. பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் வரிசையாகச் சாய்ந்து, பெரியவர்களின் அறப்போரைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

பார்க்கத்தக்க போர்தான். புதிய அமைப்பின் பெயரில்தான் முதல் மோதல் வந்தது. மதுரையிலிருந்து வந்த கணினிப் பொறியாளர் திருநாவுக்கரசு எழுந்தார்.

"பாபகூரா சுயாதீனத் தமிழ்ப் பள்ளி. இதுல பேச என்ன சார் இருக்கு?"

"பாடசாலை," என்றார் இராசரத்தினம்.

"பள்ளின்னா சுருக்கமா இருக்கு."

"சுருக்கமா இருக்கிறதுக்கு நாங்கள் என்ன தந்தியே அடிக்கிறம்? பாடசாலை எண்டாத்தான் ஒரு மரியாதை."

"அப்ப எங்க ஊர்ப் பள்ளியெல்லாம் மரியாதை கெட்டதா? நான் வெளிநடப்பு செய்றேன்!"

அவர் வெளிநடப்புச் செய்தார். மழை பெய்ததால் உள்நடப்பும் செய்தார்.

இந்தச் சிக்கலை அவிழ்த்த மேதை தேவன். ஈப்போவில் பிறந்து, பாபகூராவில் கணக்காளராக இருப்பவர். அது தொண்ணூற்றாறாம் ஆண்டு, நியூசிலாந்தே எம்.எம்.பி. என்ற புதுத் தேர்தல் முறைக்குள் தலைகுப்புற விழுந்திருந்த நேரம்.

"நாடே மாறிருச்சு, நாமளும் மாறணும்," என்றார் தேவன். "ஆளுக்கு ரெண்டு ஓட்டு. ஒண்ணு ஆளுக்கு, இன்னொண்ணு கட்சிக்கு."

"எங்களிட்டக் கட்சி இல்லையே?"

"அதனால என்னா? உண்டாக்குவோம்."

உண்டாக்கினார்கள். 'பள்ளிக் கட்சி' என்றும் 'பாடசாலைக் கட்சி' என்றும் குழு சரிபாதியாகப் பிளந்தது. எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் தேவன் ஒருவரே எஞ்சினார். அவர் 'அல்லது கட்சி'யைத் தொடங்கினார். கூட்டணிப் பேச்சுவார்த்தை வாரக்கணக்கில் நீண்டது. முடிவில் இரு பெரும் கட்சிகளும் ஒற்றை உறுப்பினரின் காலில் விழுந்தன. 'பாபகூரா சுயாதீனத் தமிழ்ப் பள்ளி அல்லது பாடசாலை' என்று பெயர் முடிவானது. உலகில் வேறெந்தக் கட்சியின் கொள்கையும் இவ்வளவு முழுமையாக நிறைவேறியிருக்க முடியாது.

பிறகு சட்டங்கள் எழுதப்பட்டன. சட்டத்தின் முதற்பிரிவு 'பிரிவு' என்பதாகும். இரண்டாம் பிரிவு, முதற்பிரிவின்படி பிரிந்தபின் பிரிவோரைப் பற்றியது. உறுப்பினர் அனைவருக்கும் பதவி கிடைத்தது. பதவியில்லாத உறுப்பினர் ஒருவர் இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டு, அவர் உடனடியாக உப தலைவருக்கு உதவித் தலைவராக்கப்பட்டார்.

இராசரத்தினம் இளைஞராகிவிட்டார். வாரம் முழுக்க மூடிகளைப் பார்க்கும்போதே உதடு தீர்மானங்களை முணுமுணுத்தது. தலைவர் கதிரையில் அவர் அமரும்போது, சிலர் உண்மையிலேயே எழுந்து நின்றார்கள். கால் மரத்துப்போனதால் எழுந்தவர்களையும் அவர் அந்தக் கணக்கிலேயே சேர்த்தார்.

இதற்கிடையே ஒருநாள் மனைவி ரதிதேவி பாகற்காய்க் கறி வைத்தாள். பிரசாந்தி தட்டைத் தள்ளிவிட்டு, "ஐ ஆட்சேபிக்கிறேன்," என்றாள்.

இராசரத்தினத்துக்குப் புல்லரித்தது. "கேட்டனீரே ரதி? பாதி தமிழ்! பாடசாலை வேலை செய்யுது!"

"பாடசாலை எங்க நடக்குது? இப்ப நாலு மாசமாக் கூட்டமல்லோ நடக்குது," என்றாள் ரதிதேவி.

அரசியல் தெரியாதவர்களின் பேச்சுக்கு அவர் காது கொடுப்பதில்லை.

வாக்கெடுப்பு நடந்தது. எல்லாரும் இரண்டு வாக்கும் போட்டார்கள். எல்லாக் கட்சிகளும் வென்றன. இராசரத்தினம் குமாரசாமிக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் கெஞ்சலை எதிர்பார்த்தார். குறைந்தபட்சம் ஒரு மிரட்டலையாவது.

"நாங்கள் ஒன்றியத்தை விட்டுப் பிரிஞ்சிட்டம்."

"அப்பிடியோ? நல்லது. ஆர் கதைக்கிறது?"

பாபகூரா என்ற பெயரைச் சொன்ன பிறகும் மறுமுனை சற்று நேரம் யோசித்தது. "ஓ, அந்த வடைக் கேஸோ? சந்தோஷம். அடுத்த விழாவில ஒரு நிகழ்ச்சி குறையும்," என்று குமாரசாமி வாழ்த்தினார். இந்த உரையாடல், ஒன்றியம் நிலைகுலைந்துபோனதன் அறிகுறியாகக் குழுவுக்கு விளக்கப்பட்டது.

சுயாதீன விழா நாள் வந்தது. மண்டபத்தில் குத்துவிளக்கு, முன்வரிசை முழுவதும் பதவியாளர்கள். பின்வரிசையும் அவர்களே. ஒன்றியத்தின் கொடுமைகளை இராசரத்தினம் விரித்துரைத்தார். திருநாவுக்கரசு பள்ளி என்ற சொல்லின் பெருமையைப் பேசினார். தேவன் 'அல்லது' என்பதன் தத்துவத்தைப் பேசினார். நேரம் எல்லை மீறியதால் மாணவர் நிகழ்ச்சிகளை வெட்டி ஒன்றாக்கினார்கள். அந்த ஒன்றுக்கு மேடையேறியவள் பிரசாந்தி. அவள் பின்னால் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் அணிவகுத்து நின்றார்கள்.

ஒரு பாட்டாக இருக்கும் என்று இராசரத்தினம் நினைத்தார். பிரசாந்தி கையில் காகிதம் இல்லை. தொண்டையைச் செருமினாள், சாட்சாத் அவர் செருமுவது போலவே.

"தலைவர் அவர்களே, கூடியுள்ள உறுப்பினர்களே! ஓர் ஒழுங்குப் பிரச்சினை. எங்கள் வகுப்பறையைப் பறித்து எங்களைச் சமையலறைக்குத் தள்ளிய செயலை மாணவர் சபை வன்மையாகக் கண்டிக்கிறது. பலமுறை முறையிட்டும் பலன் கிடைக்கவில்லை. ஆகவே இன்று முதல் நாங்கள் பாபகூராவிலிருந்து பிரிகிறோம். பக்கத்துத் தகனினியில், எலிசபெத் டீச்சர் வீட்டுக் கராஜில் சுயாதீனமாக இயங்குவோம். இத்தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நன்றி. வெளிநடப்பு!"

பிள்ளைகள் மேடையிலிருந்து இறங்கி, வாசல் வழியே வரிசையாக வெளியேறினார்கள்.

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. இராசரத்தினத்தின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "ஒரு பிழையில்லை! 'ஒழுங்கு' எண்டு சொன்னதைக் கேட்டனீங்களே? 'ழ' எவ்வளவு வடிவா வந்திட்டுது!" என்று பக்கத்திலிருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். எத்தனை வருட ஆசை! ஒரு வாக்கியம் கேட்டவருக்கு ஒரு தீர்மானமே கிடைத்துவிட்டது. கைதட்டல் ஓய்ந்து, அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் வராதபோதுதான், அதன் பொருள் மெல்ல அவருக்குள் இறங்கியது.

"இப்ப என்ன சார் பண்றது? மாணவர் இல்லாம பள்ளி செல்லுமா?" என்றார் திருநாவுக்கரசு.

தேவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டார். "ஒண்ணும் பயமில்ல. நம்ம சட்டத்துல மாணவர்னு ஒரு வார்த்தையே இல்ல."

இராசரத்தினம் வெளியே ஓடினார். கார்த் தரிப்பிடத்தில் எலிசபெத், தன் பழைய காரில் கரும்பலகையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இந்தப் பிள்ளையளுக்கு இந்தத் தமிழை ஆர் படிப்பிச்சது? நீங்களே?"

"நான் எங்க சார் படிச்சுக் கொடுத்தேன்? எனக்கு எங்க விட்டீங்க?" என்று எலிசபெத் பலகையைக் கட்டிய கயிற்றை இறுக்கினார். "எனக்கே நேத்துதான் சொன்னாங்க. கராஜ் கேட்டாங்க, சரின்னேன். மத்ததெல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

பிரிந்துபோன மாணவர் சபைக்கு ஒரு சிறு நடைமுறைச் சிக்கல் இருந்தது: சபையில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே பிரிந்தவர்களைப் புதிய தாயகத்தில் கொண்டுபோய் இறக்கும் கடமை, பிரிவுக்கு ஆளானவர்களின் தலையிலேயே விழுந்தது. தலைவர்கள், உப தலைவர்கள், உதவித் தலைவர் எல்லாரும் தத்தம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தகனினிக்கு ஊர்வலமாகப் போனார்கள்.

வழியில் இராசரத்தினம் மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். கோபப்படத்தான் நினைத்தார். முடியவில்லை. அந்தச் செருமலைத் திரும்பத் திரும்ப நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

கராஜில் பழைய கம்பளம் விரித்து, பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகை சுவரில் சாய்ந்து நின்றது. எலிசபெத் அதில் பெரிதாக 'ற' என்று எழுதினார். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதத் தொடங்கினார்கள். இராசரத்தினம் வாசற்படியில் தயங்கினார்.

"பிள்ளை, அப்பாவும் உள்ள வந்து ஒரு கரையில இருக்கட்டே?"

பிரசாந்தி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். தலைகள் ஒன்றுகூடிக் குசுகுசுத்தன. அவள் எழுந்து வாசலுக்கு வந்து, அவர் ஆயுள் முழுவதும் கேட்கக் காத்திருந்த அந்த அழகான யாழ்ப்பாணத் தமிழில் சபையின் முடிவை அறிவித்தாள்:

"வரலாம், அப்பா. ஆனா நீங்கள் ஒண்டும் கதைக்கப்படாது."