கட்டிலுக்கு அடியில் சாளைக் கறி

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வருடத்தில் ஒரு பயம் வருமாம். புத்தகத்தில் இருக்கிற நோயெல்லாம் தனக்கே வந்துவிட்டதாகத் தோன்றுமாம். சத்துணவியல் படிப்பு அதைவிட மோசம். இதில் நோயெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். அதுவும் சரியாக அவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் தோன்றும்.

நான் கல்லூரியில் சேரும்வரை, கேரள எல்லையோரத்து ஆரியங்கோட்டில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், ஒரு பூனை எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. அம்மாவின் மீன் கறிக்குச் சபையில் நல்ல பெயர் உண்டு. இரண்டாம் வருடம் தொடங்கியதும் நான் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கி வந்தேன். வீட்டு நிம்மதி அன்றோடு போயிற்று.

அப்பா சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணி ஆமென் சொன்ன கையோடு நான் தொடங்கிவிடுவேன். "அப்பா, அந்த ரெண்டாவது துண்டு மரச்சீனி வேண்டாம்." மரவள்ளிக்கிழங்கோடு அவர் கை வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றுவிடும். உப்பை முதலில் பாதியாக்கினேன், பிறகு நிறுத்தினேன். தேங்காயைக் காலாக்கினேன். பப்படம் பொரிக்கத் தடை. (கர்த்தரே ஆசீர்வதித்த ஆகாரத்தில் நான் திருத்தம் போட்டேன் என்று அப்பா பிற்காலத்தில் பாஸ்டரிடம் முறையிட்டிருக்கிறார்.)

என் தட்டில் இன்னும் கெடுபிடி. ஒரு வாழைப்பழத்தை வெட்டி, பாதியைத் தின்று, மீதிப் பாதியை மறுநாளுக்கு வைப்பேன். மறுநாள் அது கறுத்திருக்கும். அதையும் தின்பேன், கணக்கு கணக்குதானே! எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இந்த நிலையில்தான் இருந்தோம். ஊருக்கெல்லாம் சாப்பிடச் சொல்லிக் கொடுக்கப் போகிற கூட்டம், மத்தியானம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெள்ளரிக்காய் கடிக்கும்.

கடைசியில் ஒருநாள் செய்முறை வகுப்பில், நோயாளிகளுக்கான கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த நான் கரண்டியோடு அப்படியே சரிந்து விழுந்தேன். கண் திறந்தபோது, தோழிகள் சுற்றி நின்று அந்தக் கஞ்சியை எனக்கே புகட்டிக்கொண்டிருந்தார்கள். (கஞ்சிக்கு அன்று நல்ல மதிப்பெண் கிடைத்தது. நோயாளி எழுந்துவிட்டாள் அல்லவா?)

அங்கேதான் ஷைனி மிஸ் வந்து சேர்ந்தார். எங்கள் துறையிலேயே வயது குறைந்த ஆசிரியை அவர். அதனாலேயே, வேறு யாரும் ஏற்றுக்கொள்ளாத மாணவர் நலப் பிரிவு அவர் தலையில் விழுந்திருந்தது. மாணவர்களின் மனநலம், உடல்நலம், வீட்டு நிலவரம் எல்லாவற்றையும் அவர் கவனிக்க வேண்டும். வகுப்பில் மலையாளம் பேசுவார். மனசு இளகினால் தமிழுக்கு வந்துவிடுவார்.

அன்றைக்குத் தமிழில்தான் சொன்னார். "ஜெபிஷா, சனியாழ்ச்ச உனக்க வீட்டுக்கு வாறேன். அப்பா அம்மாவ ஒண்ணு காணணும்."

எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. காரணம் அப்பா. என்னை நர்சிங்குக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. "நர்சிங் படிச்சா வெளிநாட்டுக்குப் போலாம். இது படிச்சா அடுக்களைக்காக்கும் போகணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவரை, நானும் அம்மாவும் அழுது சம்மதிக்க வைத்திருந்தோம். ஏதாவது குழப்பம் வந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவேன் என்ற நிபந்தனையோடுதான் அவர் சம்மதித்தார். மயங்கி விழுந்தது குழப்பம் இல்லாமல் வேறென்ன? வீட்டில் நான் அதை மூச்சுவிடவில்லை.

ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன். மிஸ் வரும்போது எங்கள் வீடு பாடப் புத்தகத்தில் இருக்கிற வீடு மாதிரி இருக்க வேண்டும். அதைப் பார்த்து மயங்கி, நான் மயங்கியதை அவர் மறந்துவிட வேண்டும். (அந்த வயதில் இது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.)

சனிக்கிழமை காலையில் அடுக்களைக்குள் போனால் அம்மா அதற்குள் எல்லாம் முடித்து வைத்திருந்தார். தேங்காய் அரைத்து வைத்த சாளை மீன் கறி. ஒரு பாத்திரம் நிறைய வேகவைத்த மரச்சீனி. பொரித்த பப்படம். ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல்.

"அம்மா! வாறது நியூட்ரிஷன் மிஸ்ஸாக்கும். இதெல்லாம் கண்டா என்ன நினைப்பாவ?"

"என்ன நினைக்க? டீச்சருக்கும் வயிறு உண்டில்லியா பிள்ளே?" என்றார் அம்மா. (எங்கள் பக்கம் பெற்றோருக்கு, சொல்லித்தருகிற பெண் யாராக இருந்தாலும் டீச்சர்தான்.)

நான் கேட்கவில்லை. வீடுகளுக்குப் போனால் முதலில் அடுக்களையைக் கவனிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடமே உண்டு. அதனால் அடுக்களையில் எதுவும் இருக்கக்கூடாது. மீன் சட்டி, மரச்சீனிப் பாத்திரம், பப்படம், உப்பேரி, ஊறுகாய், சீனி டப்பா, உப்புப் பரணி எல்லாவற்றையும் கொண்டுபோய் என் கட்டிலுக்கு அடியில் வைத்து, தரை தொடுகிற மாதிரி ஒரு விரிப்பைத் தொங்கவிட்டேன். அம்மா சட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். முகத்தில், சொந்தப் பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைக்கிற துக்கம் இருந்தது.

மேசையில் உப்பில்லாத ராகிக் கஞ்சியும், முளைகட்டிய பயறும், வெள்ளரிக்காயும், ஆளுக்குப் பாதி முட்டையும் வைத்தேன்.

மிஸ் வரும்போது மத்தியானம் கழிந்துவிட்டது. அமரவிளையில் இன்னொரு மாணவியின் வீட்டுக்குப் போய்விட்டு, பஸ் கிடைக்காமல் காத்து நின்று, வாடிய முகத்தோடு வந்தார். மேசையைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் வாடினார். நான் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா ஜெபம் பண்ணினார். "கர்த்தாவே, இந்த..." என்று தொடங்கி, கண்ணைத் திறந்து மேசையை ஒருமுறை பார்த்து, "...இதுக்காக ஸ்தோத்திரம்" என்று முடித்தார்.

மிஸ் ஒரு கரண்டி கஞ்சி குடித்தார். கொஞ்ச நேரம் அதை வாயிலேயே வைத்திருந்தார். "கொள்ளாம்" என்று மலையாளத்தில் பாராட்டினார். இரண்டாவது கரண்டிக்குப் பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, "ஜெபிஷாகிட்ட கொஞ்சம் தனியா பேசணும்" என்றார்.

"அதுக்கென்ன டீச்சர், அந்த முறியில இருந்து பேசுங்க" என்று அம்மா என் அறையைக் கைகாட்டினார். காட்டிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. கை அந்தரத்திலேயே நின்றது.

எங்கள் வீட்டில் என் அறையில் நாற்காலி கிடையாது. மிஸ் கட்டிலில் உட்கார்ந்தார். அவருக்கு நேர் கீழே சாளைக் கறி.

"ஒழுங்கா சாப்பிடுதியா மோளே?"

"ஆமா மிஸ். சமச்சீரா சாப்பிடுதேன்."

மிஸ்ஸின் மூக்கு லேசாக அசைந்தது. "வீட்டில எல்லாரும் இதுதானா சாப்பிடுதாவ?"

"ஆமா மிஸ். எல்லாரும் மாறியாச்சு."

அப்போது ஜன்னல் வழியாகப் பூனை உள்ளே குதித்தது. எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் நேராகக் கட்டிலுக்கு அடியில் போயிற்று. ‘டணார்’ என்று சட்டி மூடி விழுந்தது. மிஸ் குனிந்து விரிப்பைத் தூக்கினார்.

நான் பயந்தது வேறு, நடந்தது வேறு. மிஸ் கோபப்படவில்லை. அவர் கண் கலங்கியது. மாணவர் நலனுக்காக அவருக்குக் கொடுத்திருந்த பயிற்சியில், சாப்பாட்டை யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைப்பதும் ஒரு மனநோயின் அறிகுறி என்று சொல்லியிருந்தார்கள். அதே பாடம் எனக்கும் உண்டு. அதனால் அவர் முகத்தில் அந்தப் பாடம் ஓடுவதை வரி வரியாக என்னால் வாசிக்க முடிந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை நாளா மோளே இது?"

"இண்ணைக்கு மட்டும்தான் மிஸ்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ."

"சத்தியமா மிஸ், இது எனக்குள்ளதில்ல."

"அதும் சொல்லுவாவ." மிஸ் மறுபடியும் குனிந்து பார்த்தார். நாலு பேருக்கான மரச்சீனி, ஒரு சட்டி மீன், ஒரு பரணி உப்பு. "உப்பு வரைக்கும் தனியா வெச்சிருக்கியே மக்கா..." என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

அப்பாவையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார். வகுப்பில் நான் மயங்கி விழுந்ததைச் சொன்னார். ஆட்கள் முன்னால் பட்டினி கிடந்துவிட்டு, ரகசியமாக இப்படி அள்ளி அள்ளித் தின்பது ஒரு வியாதி, வெட்கப்பட ஒன்றுமில்லை, மருந்து உண்டு என்றார்.

அம்மா பதறிவிட்டார். "அய்யோ டீச்சர், அவ ஒளிச்சு வெச்சுத் தின்னேல்ல. நாங்களும் கூடியாக்கும் இத ஒளிச்சது!"

"குடும்பத்தோடயா?" என்றார் மிஸ்.

"இங்க ஒளிச்சது இண்ணைக்கு மட்டுமாக்கும்" என்று அம்மா அவசரமாகத் திருத்தினார். "மத்த நாளெல்லாம் புகைப்புரையில..."

அப்பா இருமினார். நான் திரும்பிப் பார்த்தேன். புகைப்புரை என்பது வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்துகிற சின்ன அறை. அங்கே என்ன?

"என்ன செய்ய?" என்று அப்பா வெடித்தார். "தராசு வந்த நாள் முதல் நீ பஸ் ஏறினா நாங்க அங்க போயிருவோம். அடுக்களையில வெச்சுத் தின்னா நீ வந்து மணம் பிடிச்சிருவா. சொந்த வீட்டில மனுசன் களவுத் தீனி தின்னுதேன், கேட்டியளா டீச்சரே!"

"பிறவு ராத்திரி எதுக்கு என்கூட இருந்து அந்த உப்பில்லாததத் தின்னிய?" என்று நான் கேட்டேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார். "நாங்க கூட இருந்து தின்னா நீயும் ரெண்டு வாய் தின்னுவாண்ணு."

அவர்களுக்கு டயட் போட்டு நாலு பேர் மெச்ச வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்காகப் பத்தியம் இருந்திருக்கிறார்கள். அம்மா தினமும் இரண்டு சமையல் செய்திருக்கிறார். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அப்பா முடிவைச் சொன்னார். "திங்கள் முதல் இவ வரமாட்டா டீச்சரே. மனுசன மயங்கி விழ வைக்கிற படிப்பு நமக்கு வேண்டாம்."

நான் அழத் தொடங்கினேன். மிஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவர் வயிறு முந்திக்கொண்டு பேசிவிட்டது. நீளமாக, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி. பூனைகூட வெளியே வந்து பார்த்தது.

மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். "சாரே, நான் இண்ணைக்குக் காலத்த முதல் ஒண்ணும் தின்னேல்ல. நியூட்ரிஷன் டீச்சர் வாறாண்ணு சொல்லி, போற வீட்டில எல்லாம் சீனியில்லாத்த சாயாவும் வெள்ளரிக்காயுமாக்கும் தருதாவ. ஒரு வருசமா இதுதான் கதி." பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்தச் சாளை பூனை தின்னது போக மிச்சம் இருக்கா அம்மா?"

அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சட்டி கட்டிலுக்கு அடியில் இருந்து எழுந்து வந்தது. (பூனைக்கு ஒரு தலைதான் கிடைத்திருந்தது.) அங்கேயே தரையில் தட்டுகளை வைத்தார் அம்மா. மிஸ் மரச்சீனியைக் கையால் உடைத்து, கறியில் குழைத்து, பப்படத்தை மேலே நொறுக்கிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தின்றார். முதல் தடவை அம்மா பரிமாறும்போது அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றார். இரண்டாம் தடவை, பப்படத்தை அவரே எடுத்து நீட்டினார். மூன்றாம் தடவைக்குத் தானும் ஒரு தட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர் படிச்சதும் இதே படிப்பாக்குமா?"

"ஆமா சாரே. இதுல எம்.எஸ்ஸி."

"படிச்சிட்டு இவ்வளவும் தின்னலாமா?"

"தின்னலாம். உங்க மகள் தின்னாததுக்காக்கும் விழுந்தது."

மிஸ் ஒரு தட்டை என் பக்கம் தள்ளினார். நான் நிறுக்காமல், எண்ணாமல், அம்மா வைத்ததை அப்படியே தின்றேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நாக்கில் உப்பும் காரமும் பட்டதும் மூக்கிலும் கண்ணிலும் ஒழுகியது. காரத்தினாலா என்று யாரும் கேட்கவில்லை.

கை கழுவும்போது அப்பா தீர்ப்பை மாற்றினார். படிக்கட்டும், ஆனால் மத்தியானம் டீச்சர் கூட இருந்து தின்ன வைக்க வேண்டும். திங்கட்கிழமை முதல் வாழையிலையில் கட்டிய இரண்டு பொதிச்சோறு என்னோடு பஸ் ஏறியது. மிஸ்ஸின் பொதி எப்போதும் என்னுடையதைவிடப் பெரிது. மாணவர் நலப் பிரிவில் அதற்குத் ‘தொடர் ஆலோசனை’ என்று பெயர். நாளாக ஆக, வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்த தோழிகளும் ஒவ்வொருவராகப் பொதியோடு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

இப்போது நான் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன். என்ன சாப்பிடலாம் என்று என்னிடம் கேட்க ஆட்கள் டோக்கன் எடுத்துக் காத்திருக்கிறார்கள். வீட்டில்தான் என் பேச்சுக்கு மரியாதை இல்லை. நான் வாயைத் திறந்தாலே அப்பா, "புகைப்புரையத் தூத்து வைக்கட்டா?" என்று அம்மாவிடம் கேட்பார். விருந்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கதை தெரியும். என் கல்யாணம் கழிந்து முதல்தடவை எங்கள் வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர், உட்காரும் முன்னால் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

போன வருடம் அம்மாவுக்கு உண்மையாகவே சுகர் வந்துவிட்டது. மரச்சீனியைக் குறைக்கச் சொன்னேன். "பழைய சொகக்கேடு இவளுக்குத் திரும்பி வந்திட்டு" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். வேறு வழியில்லாமல் ஷைனி மிஸ்ஸுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். நான் சொன்னதையே மிஸ் ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். அம்மா போனைப் பார்த்துப் பவ்யமாகத் தலையாட்டினார். மறுநாளே மரச்சீனி ஒரு துண்டாகச் சுருங்கியது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நானும் இதையேதானே அம்மா சொன்னேன்? தினமும் நூறு பேர் எனக்க பேச்ச கேக்குதாவ. உங்களுக்கு மட்டும் மிஸ் சொன்னாத்தான் ஏறுமா?"

அம்மா மீன் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னார்.

"அது நம்ம வீட்டில இருந்து வயிறு நிறையத் தின்ன பிள்ளையாக்கும். அவ வேண்டாம்ணு சொன்னா அதில காரியம் உண்டு."