சோளக் கலர்

தாசில்தாரையே மடக்கியவன் நான். மிராசுதார் குத்தகை வழக்குப் போட்டதில், என் நெல்லை ஜப்தி செய்யத் தாசில்தார் ஆட்களோடு வந்தபோது, நோட்டீசில் 'தெற்குக் களத்து நெல்' என்று இருந்தது. நெல்லை வடக்குக் களத்துக்கு மாற்றிவிட்டு, "தெற்குக் களத்துல தாராளமாத் தேடிக்குங்க" என்றேன். வந்தவர்கள் அரை நாள் தேடிவிட்டு வெறுங்கையோடு போனார்கள். எழுத்தில் இல்லாதது குற்றத்தில் இல்லை. இதுதான் என் கொள்கை.

அதே கொள்கையால் என் மனைவி தங்கமணியையும் மடக்குவது என்று ஒரு நாள் தீர்மானித்தேன்.

எனக்குச் சர்க்கரை வியாதி. 'சர்க்கரை சேர்க்கக் கூடாது' என்று நாகப்பட்டினம் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைத் தங்கமணி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டாள். அன்றோடு பாயசம் போயிற்று. கலரும் போயிற்று. எங்கள் ஊரில் பாட்டிலில் அடைத்த இனிப்புத் தண்ணீர் எதுவானாலும் கலர்தான்.

இரண்டு வருஷம் கழித்து, நெல் வாங்க வந்த அதிராம்பட்டினம் ஜெக்கரியா பாய் ஆறு டின் கலர் கொடுத்தார். அமெரிக்காவிலிருந்து மருமகன் கொண்டுவந்ததாம்.

"நம்ம ஊர்க் கலர்ல கரும்புச் சர்க்கரை. அங்க சர்க்கரையே போடறதில்லையாம். மக்காச்சோளத்துலேருந்து பாகு எடுத்து ஊத்துறாங்களாம்" என்றார்.

சர்க்கரையே இல்லை! காதில் தேன் பாய்ந்தது. தேனும் எனக்கு ஆகாதுதான். ஆனால் காதுக்குத் தடை இல்லையே.

அடுப்பில் விரால்மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக நான் காத்திருந்த விரால்.

"கையில என்னங்க?" என்றாள் தங்கமணி.

"சோளம்."

"டப்பாவுலயா?"

"காய்ச்சி எடுத்த சோளம். சீட்டுல சர்க்கரை கூடாதுன்னுதானே இருக்கு? சோளம் கூடாதுன்னு இருக்கா?"

தங்கமணி சீட்டை நிதானமாகப் படித்தாள்.

"இல்லைதான். சோளம்னா தானியந்தானே?"

"சுத்தமான தானியம்."

"காய்ச்சினா கஞ்சிதானே?"

"கஞ்சியேதான்!"

"பசி தாங்குமா?"

"அமெரிக்காக்காரன் இதைக் குடிச்சுட்டுத்தான் ஆயிரம் ஏக்கர் உழுறான்."

"அப்பக் குடிங்க."

தாசில்தார்கூட அரை நாள் தாக்குப்பிடித்தார். இவள் மூன்றே கேள்வியில் விழுந்துவிட்டாள்! அவள் கண்ணெதிரே ஒரு டின்னை உடைத்துக் குடித்தேன்.

"எப்படி இருக்கு?"

"கரும்புக் கலர் சுள்ளுன்னு இறங்கி ஓடிப்போயிடும். இது தொண்டையிலேயே குடியிருக்கு. முந்தாநாள் குடிச்சதுக்கும் இதுக்கும்..."

"முந்தாநாளா?"

"முன்னொரு நாள்னு சொன்னேன்."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே போனாள். நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மத்தியானம் பாயும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். பாய் தட்டில் சுடுசோறு, விரால் குழம்பு. என் தட்டில் இன்னொரு டின்.

"சோறு எங்க?"

"அதான் கஞ்சி குடிக்கிறீங்களே. சீட்டுல ரெண்டாவது வரியைப் படிங்க."

படித்தேன். 'வேளைக்கு ஏதாவது ஒரு தானியம் மட்டும்.' எழுத்தில் இருக்கிறது. என்ன செய்ய?

"குழம்பு அருமை, தங்கச்சி" என்றார் பாய். விரால் தலை அவர் தட்டுக்குப் போயிற்று. அடுத்து நடுத்துண்டு போயிற்று. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"தங்கமணி, அது கஞ்சி இல்லை. கரும்புல எடுத்தாலும் சோளத்துல எடுத்தாலும் சர்க்கரை சர்க்கரைதான். ரெண்டும் எனக்கு ஒரே கெடுதல்தான்."

"நிச்சயமா?"

"சத்தியமா!"

"அப்ப ரெண்டையும் ஜப்தி பண்ணிடலாம்."

என் தட்டில் இருந்ததோடு சேர்த்து, மிச்சமிருந்த ஐந்து டின்களையும் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் எட்டு பாட்டில் கரும்புக் கலரையும் வைத்தாள். வடக்குக் களத்து மோட்டார் கொட்டகையில், உர மூட்டைக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்தவை. எல்லாம் பாயின் நெல் வண்டியில் ஏறின.

பிறகுதான் எனக்குச் சோறு வந்தது. சட்டியில் மிஞ்சியிருந்தது விராலின் வால்.

"அந்த இடம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"தெற்குக் களத்தைக் காட்டுற ஆளு, வடக்குக் களத்துலதானே ஒளிச்சு வைப்பாரு?" என்றாள்.